அலமாரிக்குள் ஒரு கோயில்

சென்ற மார்கழியில் ஒரு நாள் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். நானாக ஆசைப்பட்டுப் போனதல்ல. கல்லறை, கல்வெட்டு என்றால் சோறு தண்ணீரை மறந்துவிடுகிற ஸ்நேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. "பொன்னேரியிலே உத்தியோகம் பார்த்தேன் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லுகிறீரே, பக்கத்திலிருக்கிற பழவேற்காட்டை ஒழுங்காகப் பார்த்ததுண்டா?" என்று ஒரு நாள் மடக்கினார். ஏரியைப் பார்த்திருக்கிறேன், படகில் போயிருக்கிறேன், ஊரைப் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்.

நேரே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் அழைத்துப் போனார். வாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. நம்முடைய கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்கிற மாதிரி! 'உனக்கும் இதே கதிதான்' என்று உள்ளே நுழைகிறவனுக்கு அவை சொல்லுகின்றன போலும். உள்ளே 76 கல்லறைகள். தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கின்றன. கப்பல்களும் குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் அவ்வளவு நுட்பமாகக் கல்லில் கொத்தப்பட்டிருக்கின்றன. ஸ்நேகிதர் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் குனிந்து நின்று தேதியை வாசித்துக்கொண்டே போனார்.

எனக்கு ஒரு சுபாவம். செத்தவர்களைப் பற்றி ஒரு கால் மணிக்குமேல் யோசிக்க முடியாது. இவர்கள் உயிரோடிருந்தபோது சாயங்காலம் விளக்கு வைத்ததும் என்ன செய்தார்கள், வீட்டில் யார் சமைத்தது, குழந்தை எந்த பாஷையில் அழுதது என்றுதான் புத்தி போகும். கதை எழுதுகிறவனுடைய நோய் அது.

அந்த நோயின் காரணமாகத்தான் மகிமை மாதா கோயிலுக்குப் போகலாம் என்றேன். கல்லறைத் தோட்டத்தைப் போல அங்கே பழங்கற்கள் இல்லை. பழைய கட்டடம் போய்ப் புதிய கட்டடம் எழுந்திருக்கிறது. ஆனால் கோயில் பழையது. 1515இல் போர்த்துகீசியர்கள் எழுப்பியது என்பது அதன் வரலாறு. 1517இல் மலாக்காவிலிருந்து வந்த போர்த்துகீசியர் சிலர் பழவேற்காட்டில் இறங்கி, ஓர் அர்மீனிய வியாபாரியின் துணையோடு மயிலாப்பூருக்குப் போய், புனித தோமையாரின் இடத்தைத் தேடிக் கண்டார்கள். அதாவது, சாந்தோமில் போர்த்துகீசிய நகரம் எழுவதற்கு முன்பே பழவேற்காடு அவர்களுக்குப் பழகிய ஊர்.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் வந்த போர்த்துகீசியர்களில் பெண்கள் அபூர்வம். 1510இல் கோவாவைப் பிடித்த அல்புகெர்க், தன் ஆட்களை இந்த மண்ணின் பெண்களையே கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னான். அப்படி மணந்து வீடு வைத்தவர்களுக்குக் 'காசாதோ' என்று பெயர். வீட்டுக்காரன், குடும்பஸ்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையிலும் அப்படித்தான் நடந்தது. ஆகவே 'குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம்' என்று சரித்திரப் புஸ்தகம் எழுதும்போது, அதில் பாதிக்குமேல் நம்மூர்க் குடும்பம் என்று நாம் படித்துக்கொள்ள வேண்டும். கடலோடியான புருஷன் பெகுவுக்கும் மலாக்காவுக்கும் துணி மூட்டையோடு போய்விடுவான். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும், திரும்பி வர. பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் யார்? ஞானஸ்நானம் பெற்ற தமிழ்ப் பெண்ணோ தெலுங்குப் பெண்ணோதான்.

பிற்பாடு அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை சாந்தோமுக்கு நகர்ந்துவிட்டன. 1610இல் வெங்கடபதி ராயரிடம் உடன்படிக்கை வாங்கிக்கொண்டு டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் உட்கார்ந்தார்கள். 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர்கள் வந்து டச்சுப் பண்டகசாலையை நாசமாக்கிவிட்டுப் போனார்கள். அதனால் மறு வருஷமே டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை முடித்துவிட்டார்கள். டச்சுக் கம்பெனியின் மதம் சீர்திருத்தக் கிறிஸ்தவம். கத்தோலிக்கம் அவர்களுக்கு விரோதி நாட்டின் மதம்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். போர்த்துகீசியக் கொடி இறங்கிய பிறகும் போர்த்துகீசிய பாஷை இறங்கவில்லை. டச்சுக்காரன் வீட்டு ஆயாவும் அதைத்தான் பேசினாள். அவள் வளர்த்த டச்சுக் குழந்தையும் அதைத்தான் பேசிற்று. சென்னையில் இங்கிலீஷ் கம்பெனியின் கோட்டையிலும் அதே கதி. 1698இல் கம்பெனிக்குக் கிடைத்த சாஸனத்தில், இந்தியாவுக்கு வரும் புராட்டஸ்டண்ட் போதகர்கள் வந்த ஒரு வருஷத்துக்குள் போர்த்துகீசிய மொழியைக் கற்றாக வேண்டும் என்று ஒரு விதியே உண்டு. கடையில் பேசுகிற பாஷையைக் கவர்னர் உத்தரவு போட்டு மாற்றிவிடலாம். அடுப்பங்கரையில் பேசுகிற பாஷையை என்ன செய்ய முடியும்?

நம் தமிழிலும் அந்த பாஷை கொஞ்சம் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. பீப்பாய், ஏலம், மேஸ்திரி, ஆயா, பாதிரி, அன்னாசி என்று ஒரு ஜாபிதா உண்டு. கோயில் வாசலில் உட்கார்ந்து ஸ்நேகிதரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை... இதெல்லாம்கூட அவர்கள் கொடுத்ததுதானே?" என்றார் அவர்.

ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை. எனக்குச் சுருக்கென்றது. இந்த நாலு வார்த்தைகளையும், இதே வரிசையில், ஒரு வீட்டில் தினந்தோறும் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய அவசியம் வந்திராது.

45 வருஷங்களுக்கு முன்னால் பொன்னேரியில் ஒரு சர்க்கார் காரியாலயத்தில் நான் குமாஸ்தா. பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓட்டு வீடு ஒன்றில் திண்ணையை ஒட்டிய அறை வாடகைக்குக் கிடைத்தது. மாதம் 60 ரூபாய். வீட்டுக்கார அம்மாள் விதவை, பூர்வீகம் பழவேற்காடு. தையல் மிஷின் வைத்துப் பிழைத்தாள். வயதான மாமியார், பத்து வயதில் ஒரு பெண், அதற்கும் சின்னதாக ஒரு பையன். வீட்டுப் பெயராக அவர்களுக்கு ஒரு போர்த்துகீசியப் பெயர் இருந்தது. அதனாலேயே கப்பலில் வந்த ரத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயரோ ஞானத் தகப்பனின் பெயரோ ஒட்டிக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம். கிழவிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "எங்க வூட்டுல ஒருத்தரு சீமையிலேர்ந்து வந்தாரு தம்பி" என்பாள். சொல்லுகிற முகமோ நம்மூர் வெயிலில் நன்றாகக் காய்ந்த கறுப்பு முகம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்கும். அம்மாள் தையல் மிஷினை மூடிவிட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்லுவாள்:

"ஜன்னலைச் சாத்துடி. சாவி எங்கே? அலமாரியைத் தொற. மேஜையை இப்படி இழு."

தினமும் இதே நாலு வாக்கியம். பூஜை மந்திரம் மாதிரி ஒரு வார்த்தை மாறாது. தெருப் பக்கத்து ஜன்னல் சாத்தப்படும். கிழவியின் இடுப்பிலிருந்து சாவி வரும். சுவரில் பதித்த தேக்கு அலமாரி திறக்கும். உள்ளே, மேல் தட்டில் ஒரு முழ உயரத்துக்கு மாதா சுரூபம். மரத்தில் செய்தது. வலது கையில் இரண்டு விரல் ஒடிந்திருக்கும். வர்ணம் பல தடவை பூசிப் பூசிக் கன்னம் கொஞ்சம் உப்பிப் போயிருக்கும். அதற்குமுன் மேஜை; மேஜைமேல் மெழுகுவத்தி, இரண்டு நந்தியாவட்டைப் பூ. நாலு பேரும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுவார்கள். முடிந்ததும் எல்லாம் தலைகீழாக நடக்கும்: மேஜை நகரும், அலமாரி பூட்டும், ஜன்னல் திறக்கும். தெருவில் போகிறவனுக்கு அது வெறும் ஒரு தையல்காரி வீடு.

"ஜன்னலை எதற்கம்மா சாத்துகிறீர்கள்? யாராவது பார்த்தால்தான் என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எங்க பாட்டி சாத்துவா, எங்கம்மா சாத்துவா, நானும் சாத்துறேன்" என்றாள்.

பொன்னேரிக் கொசுவை அறிந்தவர்கள் இதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. நானும் அப்போது தேடவில்லை.

அந்த வருஷம் எனக்கு இலாகா பரீட்சை. தேறினால் சம்பளம் உயரும். ஊருக்குப் பணம் அனுப்பலாம். தேறாவிட்டால் அதே நாற்காலி, அதே ஃபைல். ஏழு மணிக்குத்தான் எனக்குப் புஸ்தகத்தை எடுக்க முடியும். ஒரு மெல்லிய பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலு குரல்கள். ஜெபமாலையில் அந்த மாதா மந்திரம் மட்டும் 53 தடவை வரும். எண்ணினவன் சொல்லுகிறேன்! அம்மாள் முதல் பாதியைச் சொல்ல, குழந்தைகள் பின் பாதியைக் கணீரென்று சொல்லுவார்கள். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். சர்க்கார் விதிகளின் ஒவ்வொரு ஷரத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் தடுப்பைத் தட்டினேன். "பரீட்சைக்குப் படிக்கிறவன் இருக்கிறேன் என்று கொஞ்சமாவது நினைப்பு வேண்டாமா? சாமிக்குக் காது கேட்காதா? மனசுக்குள் சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். மூன்றாவது கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். "வாடகை கொடுத்துத்தான் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தேன். அவர்கள் மாதச் செலவில் என் 60 ரூபாய்க்கு என்ன இடம் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் நிசப்தம். பிறகு, "சரி தம்பி" என்றாள் அம்மாள்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஜெபத்தையே விட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்; நினைத்து, நிம்மதியாகவே இருந்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதம் கழித்து ஓர் இரவு, பத்து மணி இருக்கும், தண்ணீர் குடிக்கக் கொல்லைப்புறம் போனேன். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்பு மேடைமேல் மாதா நின்றுகொண்டிருந்தாள். நாலு பேரும் தரையில் முழந்தாளிட்டிருந்தார்கள். பையன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். காலையில் எதுவும் சொல்லவில்லை. பரீட்சையில் தேறினேன், மாற்றலாகிப் போனேன், மறந்தும் போனேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு நாவலுக்காக டச்சுக்காரர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்தச் சமையலறை மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வாய்க்கால் ஓரத்து வீடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வியாபாரி வீடு. யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வியாபாரி 1661இல் அந்த வீட்டை வாங்கி, இரண்டு வருஷத்துக்குள் மேல்மாடிகளின் தளங்களை வெட்டித் திறந்து உள்ளே ஒரு முழுக் கோயிலையே கட்டிவிட்டான். பலிபீடம், சுற்றுமாடம் எல்லாம் அந்த வீட்டுக் கூரைக்கடியில். அந்த நாட்டில் அப்போது கத்தோலிக்கர்கள் பகிரங்கமாக வழிபடக் கூடாது. வீட்டுக்குள் செய்தால், தெருவிலிருந்து தெரியாமலிருந்தால், அதிகாரிகள் பார்த்தும் பாராமல் இருந்துவிடுவார்கள். 1888 முதல் அந்த வீடு ஒரு காட்சிசாலை. 'மாடியில் நம் ஆண்டவர்' என்று அதற்குப் பெயர்.

சொந்த ஊரில் கண்ணைச் சாத்திக்கொண்ட அதே ஜனங்கள், கடல் தாண்டி வந்த இடத்தில் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும், கத்தோலிக்கப் பாதிரிக்கு வீட்டில் இடங்கொடுத்தால் மரண தண்டனை என்று பறைசாற்றினார்கள். கோயில்கள் கைமாறின. முப்பது வருஷம் அந்த ஜனங்களுக்கு வீடுதான் கோயில். தாயும் பாட்டியும்தான் குரு. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற சாமியார் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து சேர்ந்தார். அவர் செய்த யுக்தி என்ன தெரியுமா? கழுத்தில் ஜெபமாலையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அது நம் வீடு! சில்லாலை கிராமத்தில் தங்கி, இரவில் வீடுகளுக்குள் பூசை வைத்தார். அந்த நாட்களில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் டச்சுச் சிப்பாய்கள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் புகுந்து, கூடியிருந்தவர்களைப் பிடித்தார்கள். டொன் பெத்ரோ என்ற ஒருவர் அடியிலேயே உயிர்விட்டார். ஜோசப் வாஸுக்கு 2015இல் கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். வாசலில் முகம் மாறின அந்தப் பெண்களின் பெயர் ஒரு பட்டியலிலும் இல்லை.

டச்சுக்காரர்களை மட்டும் குறை சொல்லுவது நியாயமாகாது. நம் சென்னையிலேயே, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1749இல் நகரத்தைத் திரும்பப் பெற்ற இங்கிலீஷ்காரர்கள், கத்தோலிக்கர்கள் எதிரிக்கு உளவு சொன்னார்கள் என்று கோட்டைக்குள்ளிருந்த அவர்களுடைய கோயிலைப் பறித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மேரிலாந்தில், கத்தோலிக்கப் பிரபுக்களே நிறுவிய குடியேற்றத்தில், 1704இல் ஒரு சட்டம் வந்து பகிரங்கப் பூசையை மூடிற்று. தனியார் வீட்டுக்குள் மட்டும் நடக்கலாம் என்று பிறகு விட்டார்கள். கரோல் குடும்பம் தன் பண்ணை மாளிகையோடு ஒட்டி ஒரு கோயில் வைத்துக்கொண்டது. 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒரே கத்தோலிக்கரான சார்ல்ஸ் கரோல் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அவருக்கு மாளிகை இருந்தது. மாளிகை இல்லாதவர்களுக்கு அலமாரி.

இதையெல்லாம் படித்தபோது என்னால் டச்சுக் கமாண்டரைத் திட்ட முடியவில்லை. ஒரு பலகைத் தடுப்பும் 60 ரூபாயும் கையிலிருந்தபோதே நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கதையைக் கோயில் வாசலில் ஸ்நேகிதரிடம் சொன்னேன். அவர் கல்லறை மனிதராயிற்றே, கனிவாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "வண்டி பொன்னேரி வழியாகத்தான் போகிறது" என்றார்; அவ்வளவுதான்.

பொன்னேரியில் அந்த ஓட்டு வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது; கீழே செல்போன் கடை. எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர் மட்டும் பழைய ஆள். அம்மாள் காலமாகிப் பல வருஷமாயிற்று என்றும், பெண் கும்மிடிப்பூண்டியில் மகனோடு இருக்கிறாள் என்றும், மகனுக்கு சிப்காட்டில் இரும்பு கம்பெனி ஒன்றில் வேலை என்றும் சொல்லி, டெலிபோன் நம்பரும் கொடுத்தார். பேசினேன். "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்ற குரல் கேட்டது. வயதான பெண்ணின் குரல்; ஆனாலும் பின் பாதியைச் சொன்ன அதே குரல்.

கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறை வாடகை வீடு. மேல்வீட்டில் டெலிவிஷன் அலறிக்கொண்டிருந்தது. மகன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காப்பி வந்தது. தேக்கு அலமாரி வீட்டோடு போய்விட்டது. இப்போது இருப்பது இரும்பு பீரோ. என் கண் அங்கே போனதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

"உள்ளேதான் இருக்காங்கண்ணா. விரல் அப்படியேதான் இருக்கு. ஒட்ட வைக்க மனசு வரல" என்றாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்தப் பரீட்சை வருஷத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியிலேயே சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களா! அம்மா உங்க பரீட்சைக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டாங்க. தம்பிக்குத்தான் பத்து மணி வரைக்கும் தூக்கம் தாங்காது, அடி வாங்குவான்" என்றாள்.

ஏழு மணி ஆயிற்று. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். "இருந்துட்டுப் போங்களேன்" என்றாள். நானும் ஸ்நேகிதரும் பாயில் உட்கார்ந்தோம். மெழுகுவத்தி ஏற்றினாள். முழந்தாளிட்டாள். உதடுகள் அசைந்தன. மேல்வீட்டு டெலிவிஷன்தான் கேட்டது. இவள் குரல் கேட்கவில்லை.

"சத்தமாகவே சொல்லம்மா, எங்களுக்கு ஒன்றுமில்லை" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியே பழகிப் போச்சுண்ணா. இப்ப சத்தமா வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடங்கினாள்.